சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதை

2021 அக்டோபர் 4ஆம் தேதி, முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் முடங்கின. அவை மீண்டும் இயங்க ஏறக்குறைய 6 மணி நேரம் ஆனது. யாரும் ஊடுருவவில்லை. பராமரிப்புப் பணியில் கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையே காரணம்.

இன்று மெட்டா எனப்படும் அந்த நிறுவனத்தின் தரவு மையங்கள் பல நாடுகளில் உள்ளன. அவற்றைக் கண்ணாடியிழை வடங்கள் இணைக்கின்றன. அந்த இணைப்புகளின் கொள்ளளவை அறியத் தரப்பட்ட கட்டளை, எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுப்பதற்கென்றே ஒரு சோதனை மென்பொருள் இருந்தது. அதிலும் பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை.

அடுத்து முடங்கியது டிஎன்எஸ். நாம் தட்டும் இணையதளப் பெயருக்குரிய எண் முகவரியைச் சொல்லும் கணினிகள் இவை. தரவு மையங்களோடு தொடர்பு அறுந்தால், 'எங்களிடம் வராதீர்கள்' என்று இணையத்துக்கு அறிவித்து விலகிக்கொள்ளும்படி இவை அமைக்கப்பட்டிருந்தன. ஓரிடத்தில் மட்டும் பழுது என்றால் இது நல்ல ஏற்பாடு. அன்றோ எல்லா இடத்திலும் தொடர்பு அறுந்ததால், எல்லாமே ஒன்றாக விலகின.

சரி, உடனே பழுது பார்த்திருக்கலாமே? அங்கேதான் சிக்கல். உலகளாவிய வலையமைப்பைக் காக்கும் பொறியாளர்கள் ஒரே அறையில் இருப்பதில்லை. ஒரு நாட்டில் இரவு வந்தால், பகலில் இருக்கும் வேறு நாட்டுக் குழுவிடம் பொறுப்பை ஒப்படைப்பது பல நிறுவனங்களின் வழக்கம். எங்கிருந்தாலும், வலையமைப்பின் வழியாகவே கருவிகளை அணுகுவார்கள். அன்று அந்த வழியே அடைபட்டது. அவசரத்துக்கென வைத்திருந்த மாற்று வழியும் கைகொடுக்கவில்லை. பொறியாளர்கள் பழுதைக் கண்டறியப் பயன்படுத்தும் பல மென்பொருள்களும் டிஎன்எஸ் இல்லாமல் நின்றுபோயின.

எனவே பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் அனுப்பப்பட்டனர். பாதுகாப்புக் கருதி அங்கே நுழைவதும், கருவிகளின் அமைப்பை மாற்றுவதும் எளிதாக இருக்கக்கூடாது என்றே அவை வடிவமைக்கப்பட்டவை. அதில் மேலும் நேரம் போனது.

இணைப்பு திரும்பிய பிறகும் அவசரப்பட முடியவில்லை. தரவு மையங்களின் மின் பயன்பாடு பல பத்து மெகாவாட் குறைந்திருந்தது. அது ஒரேயடியாக எகிறினால் மின்சாதனங்கள் பாதிக்கப்படலாம். ஆகவே படிப்படியாகவே சேவைகளைத் திறந்தனர். ஒரு தரவு மையத்தையோ ஒரு வட்டாரத்தையோ வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கும் ஒத்திகைகளை முன்பே செய்திருந்தது இதற்கு உதவியது. ஆனால் முழு இணைப்பும் அறுந்தால் என்ன செய்வது என்று அவர்கள் ஒத்திகை பார்த்ததில்லை.

வலையமைப்புத் துறைக்கு இதில் முக்கியப் பாடம் ஒன்று உண்டு: பழுது பார்க்கும் பாதை, பழுதாகக்கூடிய பாதையைச் சார்ந்திருக்கக்கூடாது. மாற்றங்களை முதலில் ஓரிடத்தில் செய்து பார்ப்பதும் நல்லது.

மாணவர்களே, உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல் மறந்துபோனால் மீட்புக் குறியீடு எங்கே வரும்? அதே மின்னஞ்சலுக்குள் நுழைந்தால்தான் கிடைக்கும் என்றால், இன்றே வேறொரு வழியைப் பதிவு செய்துவையுங்கள்.