கழிவுநீர்ப் பாசியிலிருந்து மட்கும் பிளாஸ்டிக்

மிளகாய், தக்காளி, தர்பூசணிக்கு பிளாஸ்டிக் நிலப்போர்வை விரிக்கும் விவசாயிகள், அறுவடைக்குப் பின் கிழிந்த தாளைப் பொறுக்கப் படும் பாட்டை அறிவார்கள். மீந்த துண்டுகள் உழவில் மண்ணுக்குள் போய் ஆண்டுக்கணக்கில் மட்காமல் கிடக்கும். வயலிலேயே மட்கிவிடும் தாள் செய்யக் கழிவுநீரில் வளரும் நுண்பாசிகள் உதவுமா என்று ஆராய்ந்து வருகின்றனர்.

நெல் வயலில் எக்டருக்கு 10 கிலோ வீதம் நீங்கள் இடும் நீலப்பச்சைப் பாசியின் உறவினங்களே இவற்றுள் பல. சாக்கடை நீரிலும் மாட்டுக் கொட்டகை கழுவிய நீரிலும் உள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உண்டு இவை வளர்கின்றன. நீரும் ஓரளவு சுத்தமாகிறது.

நம் உடலில் கொழுப்பு சேர்வதுபோல, சில நீலப்பச்சைப் பாசிகள் பாலி ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்னும் பொருளைச் செல்லுக்குள் சிறு மணிகளாகச் சேமிக்கின்றன. 1926-ல் பிரெஞ்சு அறிஞர் மாரிஸ் லெமுவான் இதை ஒரு பாக்டீரியாவில் கண்டறிந்தார். இதுதான் அந்த பிளாஸ்டிக். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இதைத் தின்று மட்கச் செய்துவிடும்.

ஆனால் தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும்வரை பாசி வளருமே தவிர அவ்வளவாகச் சேமிக்காது. கரும்புக்குக் கடைசியில் யூரியா இட்டால் சர்க்கரைச் சத்து குறைகிறதல்லவா? அதே கதைதான். எனவே கழிவுநீரில் நன்கு வளர்த்தபின், தழைச்சத்து இல்லாத நீரில் பட்டினி போட வேண்டும். உணவுக் கழிவு உதவுவது அப்போதுதான். மீந்த சோற்றையும் காய்கறிக் கழிவையும் காற்றுப் புகாமல் புளிக்க வைத்தால் அசிட்டிக் அமிலம் போன்ற அமிலங்கள் உண்டாகும். அவற்றைப் பிரித்து அளவோடு சேர்த்தால் சேமிப்பு கூடும்.

இனி வரவு என்ன என்று பார்ப்போம். திறந்த குட்டையில் 1000 லிட்டர் நீருக்கு உலர்ந்த பாசி அரைக் கிலோ கிடைப்பதாகக் கொள்வோம். அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பிளாஸ்டிக் என்றால் 50 கிராம். 25 மைக்ரான் தாளாக்கினால் ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டரைத்தான் மூடும். பாசியை நீரிலிருந்து பிரித்து, உலர்த்தி, பிளாஸ்டிக்கை வெளியே எடுக்கும் செலவு தனி. "குட்டை வெட்டுங்கள், பாசியை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று யாரேனும் முன்பணம் கேட்டால், இந்தக் கணக்கை அவரையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கடையில் 'மட்கும்' என்று அச்சிட்ட தாளை வாங்கும்போதும் கவனம் தேவை. பாலி லாக்டிக் அமிலத்தால் மட்டும் செய்த தாள் 60 டிகிரி அளவு சூடேறும் கம்போஸ்ட் குவியலில் மட்கும். வயல் மண்ணில் எளிதில் மட்காது. வயல் மண்ணில் மட்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

சாக்கடை நீரில் வளர்ந்த பாசி, நீரிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும். அதை மாட்டுக்கோ கோழிக்கோ தீவனமாகக் கொடுக்கலாகாது.