மீம்ஸில் ஹிட்... ஆனா வருமானம்? துணை காமெடி நடிகர்களின் வாழ்க்கை எப்படி ஓடுகிறது?

போலீஸ் வந்து கேட்டா சொல்லிடாதீங்கன்னு வடிவேலுவிடம் கெஞ்சிவிட்டுப் போவாரே, 'கண்ணும் கண்ணும்' (2008) பட காமெடி... மறக்க முடியுமா? அதில் நடித்தவர் போண்டா மணி. இன்றைக்கும் அந்தக் காட்சி மீம்ஸில் ஓடுது. ஆனால் 2022-ல் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் படுத்திருந்தபோது, சிகிச்சைக்கு அவர் உதவி கேட்க வேண்டிய நிலை. ஏன்?

யார் இந்த போண்டா மணி?

இலங்கையில் பிறந்தவர். பாக்யராஜின் 'பவுனு பவுனுதான்' (1991) படம் மூலம் சினிமாவுக்கு வந்தார். 200-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். பெரும்பாலும் ஒன்றிரண்டு காட்சிகள்தான்.

சம்பளம் எப்படி?

பூந்தமல்லியைத் தாண்டினால் வரும் செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. பிலிம் சிட்டியோ, வெளியூரோ... ஷூட்டிங் எங்கே நடந்தாலும் ஹீரோவுக்குப் படத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். துணை நடிகருக்கோ பெரும்பாலும் நாள் கணக்கு. ரெண்டு நாள் வேலைன்னா ரெண்டு நாள் சம்பளம். அதோடு கணக்கு முடிஞ்சது. அதே காமெடி டிவியில் நூறு முறை ஓடினாலும், யூடியூபில் லட்சக்கணக்கில் வியூஸ் போனாலும் பொதுவாக அவர்கள் கைக்கு எதுவும் வருவதில்லை.

வேலை ஏன் குறைந்தது?

போண்டா மணி, முத்துக்காளை, வெங்கல் ராவ் என ஒரு பட்டாளமே வடிவேலு காமெடிகளில் இருந்தது. அடி கொடுக்கவும், ஏமாற்றவும், பதில் பேசவும் ஆள் வேணுமே! 2011 தேர்தலில் தி.மு.க.வுக்குப் பிரசாரம் செய்த பிறகு வடிவேலுவின் படங்கள் வெகுவாகக் குறைந்தன. பிறகு '24-ம் புலிகேசி' பட விவகாரம் வந்தது. 2021-ல்தான் அது தீர்ந்தது. இந்த பத்து வருஷத்தில் அந்தப் பட்டாளத்துக்கும் வாய்ப்பு குறைந்துபோனது. தனி காமெடி டிராக் எழுதும் வழக்கமும் சினிமாவில் குறைந்துவிட்டது.

அப்போ வழி என்ன?

சிலர் டிவி, கோவில் திருவிழா மேடை, கலைநிகழ்ச்சி என்று போனார்கள். சண்டைப் பயிற்சி வழியாக சினிமாவுக்கு வந்த முத்துக்காளை, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படித்து மூன்று பட்டங்கள் வாங்கினார்.

போண்டா மணிக்கு விஜய் சேதுபதி, தனுஷ் போன்றவர்கள் பண உதவி செய்தார்கள். ஆனாலும் 2023 டிசம்பர் 23-ம் தேதி அவர் காலமானார்.

என்ன மாறணும்?

சக நடிகர்கள் செய்யும் உதவி பெரிய விஷயம்தான். ஆனால் அது நோய் முற்றிய பிறகு, செய்தியாக வந்த பிறகு கிடைப்பது. வாய்ப்பு இல்லாத மாதங்களிலும் நிற்காத மருத்துவக் காப்பீடு, காட்சி மறுபடி ஓடும்போது ஒரு சின்னப் பங்கு... இந்த ரெண்டும் இருந்தால், நம்மைச் சிரிக்க வைத்தவர் கடைசி காலத்தில் வீடியோ போட்டு உதவி கேட்கும் நிலை வராது.