வளர்ப்பதும் விடுவதும்

மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்பிக்க வேண்டுமோ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. நீர்ப்பறவைக் குஞ்சுக்கும் அது பொருந்துமென நம்பியதனால் நான் இழந்தவை மூன்று உயிர்கள்.

பத்தாண்டுகளுக்கு முன்னர் வன்னியிலே குளத்தோரப் பாடசாலை ஒன்றிற் கற்பித்துக்கொண்டிருந்தேன். தை மாதத்து விடுமுறை நாளொன்றின் காலையில் மாணாக்கன் ஒருவன் ஓலைப்பெட்டியுடன் வந்தான். “ஐயா, குளக்கட்டிலை புல்லுச் செருக்க, தாய் பறந்திட்டுது, இதுகள் கிடந்தது” என்றான். உள்ளே நான்கு சிறகிக் குஞ்சுகள். மாலை வேளைகளிற் சீழ்க்கை ஒலியோடு வயல்மேற் பறக்கும் காட்டுத் தாராவையே சிறகி என்பர். கருமையும் வெண்மையும் விரவிய தூவியுடன், பொரித்து ஒரு நாளும் ஆகாத பஞ்சுருண்டைகளாய் அவை இருந்தன.

“தாய் திரும்பி வரும், எடுத்த இடத்திலேயே விட்டுவிடு, தம்பி” என்று நான் சொல்லியிருத்தல் வேண்டும். சொல்லவில்லை. சங்கச் செய்யுள்களில் வரும் புள்ளினங்களைப் பற்றி ஆண்டுதோறும் பாடஞ் சொல்பவனுக்கு உயிருள்ள புள்ளை வளர்க்கத் தெரியாதா என்னும் செருக்கு மேலிட்டது.

அகன்ற பாத்திரத்தில் நீர் நிறைத்து விட்டேன். அவை நீந்தின; நான் மகிழ்ந்தேன். ஏறி இளைப்பாற அங்கே கரையில்லை என்பதை எண்ணினேனல்லேன். மாலையில் இரண்டு விறைத்துக் கிடந்தன. குறுணற் சோறே உண்ட மூன்றாவது அவ்வாரமே மாண்டது. எஞ்சிய ஒன்றைக் காத்தவர் அயல்வீட்டு ஆச்சி. “தாராக்குஞ்செண்டாலும் தாயின்ரை செட்டைச்சூடு வேணும், தம்பி” என்று கடிந்துகொண்டு, உமி பரப்பிய பெட்டியில் அதனை இருத்தி, அருகே அரிக்கன் லாம்பை வைத்தார். சோற்றை நீக்கிக் கறையான் புற்றை உடைத்துக் கொடுத்தார்.

ஆச்சி பட்டறிவால் உணர்ந்ததை நூல்கள் பின்னர் எனக்கு விளக்கின. பொரித்த குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே பேணும் ஆற்றல் அற்றது. முதல் நாள்களில் ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியசு வரை வெப்பம் வேண்டும்; வாரந்தோறும் மூன்று பாகையளவாகக் குறைத்துச் செல்வர். வயிற்றினுள் எஞ்சிய மஞ்சட்கருவே முதலிரு நாளும் அதனைத் தாங்கும். அப்பாற் பூச்சியும் புழுவும் நீர்ச் சிற்றுயிருமாகிய புரத உணவு இன்றியமையாதது. குடிநீரும் அலகு தோயும் ஆழமே போதும். வழுக்கும் தரையில் விட்டாற் கால் விரிந்து முடமாகும்.

நான்காவது குஞ்சு பிழைத்தது. ஆயின் அது சிறகியாக வளரவில்லை. என் நிழலாக வளர்ந்தது. வகுப்புக்கும் கிணற்றடிக்கும் பின்தொடர்ந்தது. தன்னினம் வானிற் சீழ்க்கையடித்துச் சென்றாலும் தலை நிமிர்த்தாது. ஒருநாட் படலை திறந்திருந்த வேளை, தெருவிற் சென்ற யாரோ ஒருவரின் பின்னே நடந்துபோயிற்று. மீளவேயில்லை.

அதன் காரணத்தை ஒஸ்திரிய அறிஞர் கொன்ராட் லோரன்சின் எழுத்துகளிற் கண்டேன். பொரித்த சில மணி நேரத்துள் தன்முன் அசைந்து குரல் கொடுப்பதையே தாயெனக் குஞ்சு மனத்திற் பதித்துக்கொள்ளும். காட்டுத் தாராக் குஞ்சுகளுக்குத் தாயாக விரும்பிய அவர், இடையறாது ‘குவாக்’ எனக் கத்தியபடி புல்வெளியிற் குந்தித் தவழ்ந்தார். நிமிர்ந்தால் அவை தாயைக் காணாது அழுதன. உயர்ந்த புல் குஞ்சுகளை மறைத்திருந்தமையால், தாடிக்காரர் ஒருவர் தனியே கத்தித் தவழ்வதையே வேலிக்கப்பால் நின்றோர் கண்டு திகைத்தனராம். 1973 இல் நொபெல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

வளர்த்தல் முற்றிலும் தவறென்பது என் கருத்தன்று. மடகாஸ்கார்த் தீவில், அற்றுப்போயிற்றென்று கருதப்பட்ட ஒருவகை முக்குளிக்கும் தாரா 2006 இல் தொலைவான ஏரியொன்றில் மீண்டும் காணப்பட்டது. இருபத்துச் சொச்சப் பறவைகளே எஞ்சியிருந்தன. அவ்வேரியில் உணவு போதாமையாற் குஞ்சுகளுட் பெரும்பாலானவை மடிந்தன. 2009 இல் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து வளர்த்தனர். அவ்வாறு பெருக்கிய இனத்தில் 21 பறவைகளை, 2018 இல் சோபியா ஏரியிலே மிதக்கும் கூடுகளில் இருத்தி, நீருக்கும் இடத்துக்கும் பழக்கிய பின்னர் திறந்துவிட்டனர். அங்கே வளர்த்தோர் தொடக்கத்திலேயே விடும் நாளை எண்ணி வளர்த்தனர். நானோ வைத்திருக்கும் ஆசையால் வளர்த்தேன்.

சென்ற ஆண்டும் ஒரு சிறுவன் பெட்டியுடன் வந்தான். இம்முறை இருவருமாகக் குளக்கட்டுக்கு நடந்தோம். எடுத்த புற்புதரிலேயே குஞ்சுகளை விட்டு, தொலைவில் மருதமரத்தடியில் ஓசையின்றி அமர்ந்தோம். தாய் வாராவிடின் வனசீவராசிகள் திணைக்களத்தாருக்கு அறிவிப்போம் என்று அவனிடம் சொல்லி வைத்தேன். வெயில் சாயும் வேளையிற் புதரின் மேலே அந்தச் சீழ்க்கை கேட்டது. சிறுவன் என் கையைப் பற்றினான். நாங்கள் எழுந்து, திரும்பிப் பாராமல் வீடு வந்தோம்.