பாவைக்குக் கூலி ஐம்பது!

ஐம்பது டாலர்!

1949ஆம் ஆண்டு மே திங்கள். அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலே, வேலையிழந்து, வாடகைக்கும் வழியின்றித் தவித்த இருபத்திரண்டு வயது மங்கையொருத்திக்கு, புகைப்படக்காரர் ஒருவர் எண்ணிக் கொடுத்த கூலி அது. வேலை என்ன? காலண்டர் படத்துக்காக ஆடையின்றிக் காமெராவின் முன் இருக்கவேண்டும்! இருந்தாள், வேறு பெயரில் கையெழுத்திட்டாள், ஐம்பது டாலரைப் பெற்றுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தாள்.

ஆண்டுகள் நான்கு உருண்டன. 1953 டிசம்பரில் ஹியூ ஹெஃப்னர் என்பார் 'பிளேபாய்' என்று புதிய ஏடொன்று தொடங்கினார். அந்தக் காலண்டர் படத்தின் உரிமையை 500 டாலருக்கு வாங்கி, முதல் இதழிலே போட்டார். படிகள் 50,000க்கு மேல் விற்றன. அந்த ஓர் இதழைக் கடைக்காலாகக் கொண்டு மாபெரும் வணிகக் கோட்டையே எழும்பிற்று. படத்தில் இருந்த பாவைக்கு அதிலே கிடைத்த பங்கு? செப்புக் காசும் இல்லை!

இன்னும் கேளுங்கள். ஆண்டி வார்ஹோல் என்ற ஓவியர் 1964இல் தீட்டிய அவருடைய முகச் சித்திரம் ஒன்று, 2022ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 19 கோடியே 50 லட்சம் டாலர்! முகத்துக்கு உரியவர் மண்ணுக்குப் போய் அப்போது அறுபது ஆண்டுகள் ஆகப்போகிற நேரம்.

அவர்தான் மர்லின் மன்றோ.

"நடிகையின் கதையா? அதற்கா இந்தப் பத்தி?" என்று புருவத்தை நெரிக்கும் தோழர் ஒருவர் இருப்பார். இருக்கட்டும். பொறுமையாகப் படிக்கட்டும். கவர்ச்சிக் கன்னி என்று உலகம் கொண்டாடியவரின் வாழ்க்கையைப் புரட்டினால், அதிலே வியர்வை இருக்கிறது, ஒப்பந்தச் சீட்டு இருக்கிறது, ஏய்ப்பு இருக்கிறது, வேலைநிறுத்தம் இருக்கிறது, வெற்றியும் இருக்கிறது. ஆலைத் தோழருக்கு இவை அறியாத சங்கதிகளா?

நார்மா ஜீன் என்பது பெற்றவள் இட்ட பெயர். பிறந்தது 1926 ஜூன் 1. தந்தை யாரென்று அறியாத பிள்ளை. தாய் கிளாடிஸ், படச்சுருளை வெட்டி ஒட்டும் கூடத்திலே கூலிக்கு உழைத்தவள். பிற்காலத்தில் எந்தப் படவுலகம் மகளை விண்மீன் ஆக்கிற்றோ, அதே படவுலகத்தின் இருட்டறையிலே தாய் கத்தரிக்கோலோடு நின்றவள்! வளர்க்க வகையின்றிப் பிறந்த சில நாட்களிலேயே குழந்தையை வேற்றார் வீட்டில் விட்டாள். பின்னர் எப்படியோ மிச்சம் பிடித்து, சின்னஞ்சிறு வீடு ஒன்று வாங்கி, மகளை அழைத்து வந்தாள். அந்த மகிழ்ச்சி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1934இல் தாய்க்குச் சித்தம் கலங்கிற்று; மருத்துவமனைக்குக் கொண்டு போயினர். மகள்? 1935இல் அனாதை விடுதி! தாய் உயிரோடிருக்கையிலேயே அனாதை!

ஒரு வீடு, இன்னொரு வீடு, மற்றுமொரு வீடு என்று பந்துபோல் உருட்டப்பட்டாள் அச்சிறுமி. பதினாறு வயது நிரம்பியதும், மீண்டும் விடுதிக்கு அனுப்பவேண்டுமே என்ற நிலை வந்தது. அதற்கு வளர்ப்பவர்கள் கண்ட வழி கலியாணம்! 1942 ஜூனில், பள்ளிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு, அண்டை வீட்டு இளைஞனுக்கு மாலையிட்டாள்.

போர் மூண்டிருந்த காலம். கணவன் கப்பலேறிப் போனான். 1944இல் அந்தப் பெண், வான் நைஸ் என்ற இடத்திலிருந்த ரேடியோபிளேன் தொழிற்சாலைக்கு வேலைக்குச் சென்றாள். ஆளில்லாமல் பறக்கும் குறி விமானங்கள் செய்யும் ஆலை அது. பாராசூட்டுகளைச் சோதிப்பது, உறுப்புகளுக்கு மருந்துப் பூச்சுத் தெளிப்பது — இவை அவளுக்கு இடப்பட்ட பணி. போருக்கு உழைக்கும் பெண்களைப் படம் பிடிக்க வந்த இராணுவப் புகைப்படக்காரர் டேவிட் கனோவரின் கண்ணில் பட்டது அந்த ஆலையிலேதான்.

இதுவரை அவளென்று எழுதினோம். இனி அவரென்று எழுதுவோம். காரணம், ஆலையிலே நின்று உழைத்துத் தன் சோற்றைத் தானே தேடிக்கொண்டவர் யாராயினும், நம் ஏட்டில் அவர் அவரேதான்!

1946 ஆகஸ்டில் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் பட நிறுவனம் அவரை எடுத்துக்கொண்டது. வாரம் 125 டாலர். ஆறு மாத ஒப்பந்தம். பெயரையும் மாற்றினர். மன்றோ என்பது தாய்வழிப் பெயர். அதை மட்டும் அவர் விடவில்லை. ஓராண்டு கழிந்தது, வேண்டாமென்று வெளியே அனுப்பினர். 1948இல் கொலம்பியா நிறுவனம் சேர்த்தது. ஆறே மாதத்தில் அதுவும் கைவிட்டது. அந்த வறட்சிக் காலத்தில் வந்ததுதான் முன்னே சொன்ன ஐம்பது டாலர்.

1952இல் குட்டு உடைந்தது. "காலண்டர் படத்தில் இருப்பது வளரும் நட்சத்திரம் மன்றோ!" என்று செய்தி கசிந்தது. பட முதலாளிகள் நடுங்கினர். மறுத்துவிடு என்று யோசனை சொன்னாரும் உண்டு. மன்றோ மறுக்கவில்லை. "ஆம், நான்தான். கையில் பணமில்லை, செய்தேன்" என்ற கருத்துப்பட வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். தூற்றுவார்கள் என்று எதிர்பார்த்தனர், மக்களோ இரங்கினர். வறுமையை ஒப்புக்கொள்ள வெட்கப்படாதவரை மக்கள் கைவிடுவதில்லை.

1953ஆம் ஆண்டு அவருடைய ஆண்டு. 'நயாகரா', 'ஜென்டில்மென் பிரிஃபர் பிளாண்ட்ஸ்', 'ஹவ் டு மேரி எ மில்லியனர்' — அடுத்தடுத்து மூன்று படங்கள். கொட்டகைகள் நிரம்பின, கல்லாப்பெட்டிகள் வழிந்தன. இரண்டாவது படத்தில் உடன் நடித்த ஜேன் ரஸ்ஸலுக்கு லட்சத்தைத் தாண்டிய டாலர் ஊதியம். தலைப்பிலுள்ள பொன்முடி அழகியாகவே நடித்த மன்றோவுக்கு? பழைய ஒப்பந்தச் சீட்டின்படி வாரக்கூலி! ஏழாண்டு ஒப்பந்தமாம். கதையைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லை. இயக்குநரைக் குறித்துப் பேச உரிமை இல்லை. மறுக்க உரிமை இல்லை. பட்டுச் சட்டை போட்ட கொத்தடிமை என்றால் மிகையா?

அவர் என்ன செய்தார் தெரியுமா? வேலைநிறுத்தம் செய்தார்!

1954 ஜனவரியில், கதையைக் காட்டாமலே நடிக்க வா என்று அழைத்தனர். ஆட்டபாட்டம் நிறைந்த ஒரு படம். உடன் நடிக்க இருந்த ஃபிராங்க் சினாட்ராவுக்கு இவரைப்போல் மும்மடங்குக்கு மேல் ஊதியம். "கதையைக் காட்டுங்கள்" என்றார். காட்டியதும், பிடிக்கவில்லை என்று போக மறுத்தார். நிறுவனம் அவரைத் தற்காலிகமாக நீக்கிற்று. அஞ்சினாரா? அதே திங்களில், பந்தாட்ட வீரர் ஜோ டிமாஜியோவை மணந்தார். பிப்ரவரியில் கொரியா சென்று, அங்கிருந்த அமெரிக்கப் போர்வீரர்களுக்காக நான்கு நாட்களில் பத்து நிகழ்ச்சிகள் நடத்தினார். கடுங்குளிர், மெல்லிய ஆடை. கீழே பல்லாயிரம் பேர். நிறுவனம் இறங்கி வந்தது; ஆனால் முழுவதுமாக அன்று.

அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் தெருவிலே ஒரு காட்சியைப் படம் பிடித்தனர். சுரங்க ரயில் காற்றுப் போக்கியின் மேலே நின்றார் மன்றோ. வெள்ளைப் பாவாடை காற்றிலே எழும்பிற்று. சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஆண்கள் கூச்சலிட்டனர். 'தி செவன் இயர் இட்ச்' படத்தின் விளம்பரத்துக்காக நடத்தப்பட்ட திருவிழா அது! தெருவில் எடுத்த காட்சி படத்துக்குச் சரிப்படவில்லை. பிறகு ஸ்டூடியோவிலே திரும்ப எடுத்தனர். கூட்டத்தில் நின்ற கணவர் முகம் கறுத்தது. அடுத்த திங்களே மணவிலக்கு வழக்கு. நிறுவனத்துக்கு விளம்பரம் கிடைத்தது. அவருக்கு வாழ்வு முறிந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் ஹாலிவுட்டை விட்டே புறப்பட்டார். 1955 ஜனவரியில், புகைப்படக் கலைஞர் மில்டன் கிரீனோடு சேர்ந்து சொந்தப் பட நிறுவனம் தொடங்குவதாக அறிவித்தார். நகைத்தனர் பத்திரிகைக்காரர்! "பொம்மை பேசுகிறதே! பொம்மை கணக்குப் பார்க்கிறதே!" என்றனர். அவரோ நியூயார்க்கில் லீ ஸ்ட்ராஸ்பெர்க்கிடம் நடிப்புப் பயின்றார். ஓராண்டு முழுவதும் ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு நடிக்கவில்லை. 1955 டிசம்பர் 31ஆம் நாள் நிறுவனம் பணிந்தது. படம் ஒன்றுக்கு 1,00,000 டாலர். ஏழாண்டில் நான்கு படங்கள் போதும். இயக்குநர், ஒளிப்பதிவாளர் யாரென்பதில் அவருடைய சொல்லுக்கு மதிப்பு. இடையிலே சொந்தப் படமும் எடுக்கலாம். பொம்மையென்று இகழப்பட்டவர், பெருமுதலாளியிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்! 1957இல் வெளிவந்த 'தி பிரின்ஸ் அண்ட் தி ஷோகேர்ள்' அவருடைய நிறுவனத்தின் படமே. இயக்கி உடன் நடித்தவர் லாரன்ஸ் ஒலிவியே.

நெஞ்சுரத்துக்கு இன்னும் இரண்டு சான்று தருகிறோம். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் — கறுப்பினத்துப் பாடகி, குரலோ தேன். ஹாலிவுட்டின் பெயர்பெற்ற 'மொகாம்போ' அரங்கில் 1955இல் தமக்கு மேடை கிடைக்கத் துணை நின்றவர் மன்றோ என்று எல்லாவே நன்றியோடு சொன்னதுண்டு.

மற்றொன்று, 1956. நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லரை, பொதுவுடைமையாளரோடு தொடர்பு என்று சொல்லி நாடாளுமன்றக் குழு விசாரணைக்கு இழுத்தது. "உன்னோடு இருந்தவர் பெயரைச் சொல்" என்றனர். பிறரைக் காட்டிக்கொடுக்க மறுத்தார் மில்லர். அவரை விட்டு விலகுவதே தொழிலுக்கு நல்லது என்று மன்றோவுக்கு உபதேசம் பெய்தனர். அந்த ஜூன் திங்களிலேயே அவர் மில்லரை மணந்துகொண்டார்! 1958இல் மில்லர்மீதான தீர்ப்பு மேல்மன்றத்தில் நொறுங்கிற்று.

குறையே இல்லாதவரா? அப்படிச் சொல்லி ஏய்க்கமாட்டோம். படப்பிடிப்புக்கு மணிக்கணக்கில் தாமதமாக வருவார். ஒரு சிறு வசனத்துக்குப் பலமுறை படம் பிடிக்க வேண்டியதாகும். 1959இல் வெளிவந்த 'சம் லைக் இட் ஹாட்' படத்தின் இயக்குநர் பில்லி வைல்டர் நொந்துபோனார். ஆயினும் அந்தப் படமே அவருக்கு 'கோல்டன் குளோப்' பரிசைத் தேடித் தந்தது. தாமதத்தின் பின்னே என்ன இருந்தது? உறக்கமின்மை, உறக்கத்துக்கு மாத்திரை, வயிற்றுக்குள்ளே ஓயாத நோய், தங்காமற்போன குழந்தைகள், மேடை அச்சம். கூட இருந்தோர் கடிகாரத்தைப் பார்த்தனர்.

1961இல் மில்லரோடும் மணவிலக்கு. அந்த ஆண்டு 'தி மிஸ்ஃபிட்ஸ்' வந்தது. அதுவே அவர் முடித்த கடைசிப் படம். 1962 ஜூனில், உடல்நலமின்றி வராமலிருந்தார் என்று ஃபாக்ஸ் நிறுவனம் அவரை நீக்கி வழக்கும் தொடுத்தது. அதே நிறுவனம் அதே வேளையில் 'கிளியோபாட்ரா' படத்துக்காக ரோமாபுரியில் பணத்தைத் தண்ணீராய் இறைத்துக்கொண்டிருந்தது. எலிசபெத் டெய்லருக்கு ஒப்பந்தம் 10 லட்சம் டாலர். மன்றோவுக்கு அதே பழைய லட்சம்! ராணியின் செலவுக்குக் கணக்குக் கேட்க முடியாதவர்கள், நோயாளியின் நாட்களைக் கணக்கெடுத்தனர்.

1962 ஆகஸ்ட் 4ஆம் நாள் இரவு, முப்பத்தாறு வயதில், முதன்முதலாகத் தமக்கென்று வாங்கிய வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. உறக்க மருந்தின் மிகுதியே காரணம் என்றது மருத்துவ ஆய்வு. கொலையென்று கதை கட்டினோர் பலர். 1982இல் அரசு வழக்கறிஞர் அலுவலகம் மீண்டும் ஆராய்ந்தும் அதற்கு நம்பத்தக்க சான்று கிட்டவில்லை. கதை கட்டியவர்களோ அதையும் விற்றுப் பிழைத்தனர். இறுதிச் சடங்கை முன்னின்று நடத்தியவர் டிமாஜியோ. இருபது ஆண்டுகள் கல்லறைக்கு ரோஜா மலர் அனுப்பிக்கொண்டிருந்தாராம் அம்மனிதர். விற்காமல் கொடுத்தவர் அவர் ஒருவர்தான் போலும்!

மற்றையோர்? 1962இல் கென்னடியின் பிறந்தநாள் விழாவில் அவர் அணிந்த உடை 2016இல் 48 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. பெயரைப் பயன்படுத்தும் உரிமையை 2011இல் ஒரு வணிக நிறுவனம் வாங்கிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, 500 டாலரில் படம் வாங்கிய அந்த ஹெஃப்னர், 1992இல் மன்றோவின் கல்லறைக்கு அடுத்த இடத்தை 75,000 டாலருக்கு வாங்கினார். 2017இல் அங்கேயே அடக்கமும் செய்யப்பட்டார். பக்கத்தில் யார் படுப்பது என்றுகூட அந்தப் பெண்ணைக் கேட்டார் இல்லை!

தோழரே! அமெரிக்க முதலாளியை நோக்கி மட்டும் விரலை நீட்டிவிட்டு எழுந்துபோக நாம் விடமாட்டோம். சுவரொட்டியைக் கண்டு சீட்டியடிப்பவர் யார்? தேநீர்க் கடை பெஞ்சிலே, நடிகையின் பெயரோடு நாக்கூசும் சொல்லைச் சேர்த்துப் பேசிச் சிரிப்பவர் யார்? மாலையிலே ஊர்வலத்தில் "உழைப்புக்கு ஊதியம்!" என்று முழங்குபவரும், இரவிலே அந்தச் சிரிப்பில் கலந்துகொள்பவரும் ஒருவராகவே இருந்தால், முழக்கத்துக்கு என்ன பொருள்?

அரிதாரம் பூசிய முகத்திலும் வியர்வை வழியும். விளக்கின் சூட்டிலே நின்று அவர்கள் சிந்துவதும், தறியின் முன்னே நாம் சிந்துவதும் ஒரே உப்புத்தான். மர்லின் மன்றோவின் படம் எங்கேனும் கண்ணில் பட்டால், அந்தச் சிரிப்பைப் பாருங்கள், தவறில்லை. அதற்குக் கொடுத்த கூலியையும் கூடவே நினையுங்கள்.

ஐம்பது டாலர்!