பழக்காடி

பழக்காடி என்பது பழச்சாற்றை நொதிக்கச் செய்தோ, ஆயத்தக் காடியில் பழத்துண்டுகளை ஊறவைத்தோ பெறப்படும் புளிப்பு நீர்மம் ஆகும். காடியைத் தமிழ்நாட்டில் வினிகர் என்றும் இலங்கையில் வினாகிரி என்றும் வழங்குவர். இதன் புளிப்புக்குக் காரணம் அசிட்டிக் அமிலம். ஊறுகாய், பழக்கலவை, குளிர்பானம் ஆகியவற்றில் பழக்காடி பயன்படுகிறது.

வகைகள்

1. நொதித்த பழக்காடி: பழத்தின் சர்க்கரையே அமிலமாக மாறுவது. ஆப்பிள் காடி, திராட்சைக் காடி ஆகியன எடுத்துக்காட்டுகள்.
2. பழம் ஊறிய காடி: ஏற்கனவே உள்ள காடியில் பழத்தின் மணம், நிறம், சுவை ஆகியன இறங்குவது. இதில் புதிதாக நொதித்தல் நிகழ்வதில்லை.

வேதியியல்

நொதித்தல் இரு படிகளில் நிகழ்கிறது. முதலில் ஈசுட்டுகள் காற்றில்லாச் சூழலில் சர்க்கரையை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகின்றன. பின்னர் அசிட்டோபாக்டர் முதலிய பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள ஆக்சிசனைக் கொண்டு எத்தனாலை அசிட்டிக் அமிலமாக்குகின்றன. இரண்டாம் படி நுண்ணுயிர்களின் செயலே என்பதை லூயி பாஸ்டர் 1864-ல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். இப்படியில் நீர்மத்தின் மேல் படரும் வழுவழுப்பான ஏடு பாக்டீரியாக்கள் சுரக்கும் செல்லுலோசால் ஆனது. இதனைத் தாய்க்காடி என்பர். பஞ்சுபோன்றோ பச்சை, கருமை நிறத்திலோ படர்வது பூஞ்சணம் ஆகும். அது தோன்றினால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை, 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் அதை அடுத்த சேலம் முதலிய மாவட்டங்களிலும் பரவியுள்ளது. இங்கு மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். பலா, மா, கொய்யா, எலுமிச்சை, நெல்லி, நாவல் ஆகியவை இப்பகுதியில் கிடைக்கும் காடிக்கேற்ற பழங்கள். நாவல் நல்ல ஊதா நிறத்தையும், கொய்யாவும் பலாவும் மணத்தையும் தரும்.

இம்மலையில் 'ஊறல்' என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. வெல்லம், மரப்பட்டை முதலியவற்றை நீரில் புளிக்கவைத்துச் சாராயம் காய்ச்சுவதற்கு ஆயத்தப்படுத்தும் கலவையே அது. காவல்துறையினர் அவ்வப்போது அழிப்பதாகச் செய்திகளில் வரும் ஊறல் இதுவே. காடி உருவாதலின் முதற்படியும் சாராய நொதித்தலும் வேதியியலில் ஒன்றே. உரிமமின்றி மது உற்பத்தி செய்வதைத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 தடைசெய்கிறது. ஆகவே வீட்டில் செய்வதற்கு, ஆயத்தக் காடியில் பழத்தை ஊறவைக்கும் முறையே ஏற்றது.

2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உடலில் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது; உயிரையும் போக்குகிறது. பழங்களிலுள்ள பெக்டின் சிதைவதால் நொதித்தலின்போது மிகச் சிறிதளவு மெத்தனால் உண்டாகும். ஆனால் இத்தகைய பேரழிவுகளுக்குக் காரணம் அதுவன்று. சாராயத்தில் கலக்கப்படும் தொழிற்சாலை மெத்தனாலே.

செய்முறை

தேவையானவை: 5% அமிலத்தன்மை கொண்ட வெள்ளைக் காடி 2 குவளை, நறுக்கிய பழம் 1 முதல் 2 குவளை, வாயகன்ற கண்ணாடிச் சாடி.

1. சாடியைக் கழுவி, 10 நிமிடம் கொதிநீரில் வைத்து எடுக்கவும்.
2. அழுகல், அடிபட்ட பகுதி இல்லாத பழத்தைக் கழுவி நறுக்கவும். நாவற்பழத்தைக் கொட்டை நீக்கி இலேசாக நசுக்கவும்.
3. காடியைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 90° செல்சியசு வரை சூடாக்கவும்.
4. சூடான சாடியில் பழத்தை இட்டு, அது மூழ்குமாறு காடியை ஊற்றி மூடவும். குளிர்ந்த சாடியில் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கக்கூடும்.
5. குளிர்ந்த, இருண்ட இடத்தில் 3 முதல் 4 வாரம் வைக்கவும்.
6. தூய துணியில் வடிகட்டி, பழச் சக்கையை நீக்கி, வேறு புட்டியில் அடைக்கவும்.

குளிர்பதனப் பெட்டியில் இது 6 மாதம் வரை சுவை கெடாதிருக்கும். செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களை அமிலம் அரிப்பதால் அவற்றைப் பயன்படுத்தலாகாது.

தரமும் செறிவும்

இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி காடியில் குறைந்தது 3.75% அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும். அசிட்டிக் அமிலத்தை நீர்த்துச் செய்யும் செயற்கைக் காடியில் அவ்விவரம் புட்டியின் மேல் குறிக்கப்படல் வேண்டும்.

பள்ளி ஆய்வகத்தில் ஃபினால்ஃப்தலீனை நிறங்காட்டியாகக் கொண்டு செறிவைக் கணிக்கலாம். 10 மி.லி. வெள்ளைக் காடியை நடுநிலையாக்க 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 8.3 மி.லி. செலவானால், அதன் செறிவு ஏறத்தாழ 5% ஆகும். நாவற்காடியின் ஊதா நிறம் முடிவுநிலையை மறைக்குமாதலால் அதனை முதலில் நன்கு நீர்க்கச் செய்தல் வேண்டும்.

பயன்படுத்தும் முறை

பழத்தின் நீர் சேர்வதால் ஊறிய காடியின் செறிவு குறைகிறது. எனவே செறிவு அறியாத காடியை நெடுநாள் வைக்கும் ஊறுகாய்க்குப் பயன்படுத்தலாகாது. பருகுவதற்கு ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி காடி போதும். நீர்க்காமல் குடித்தால் அமிலம் பல்லின் எனாமலை அரிக்கும்.