பனிமலையில் வேரின் துணை

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் 1950-51ஆம் ஆண்டுப் பனிக்காலம் இன்றும் அச்சத்தோடு நினைவுகூரப்படுகிறது. ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நாடுகளின் மலைக்கிராமங்கள்மீது பனிச்சரிவுகள் அடுத்தடுத்து வீழ்ந்தன. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் தொழுவங்களும் புதையுண்டன. அவ்வாண்டில் பனிப்பொழிவு மிகுந்திருந்தது உண்மையே. ஆயினும், மலைவாழ் மக்கள் நன்கறிந்த மற்றொரு காரணமும் உண்டு. சரிவின் மேற்பகுதியில் பனியைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய காடு பல இடங்களில் இல்லை. மேய்ச்சல் நிலத்திற்காகவும் விறகிற்காகவும் பல நூற்றாண்டுகளாக மரங்கள் வெட்டப்பட்டமையால், காட்டின் மேலெல்லை சில நூறு மீட்டர் கீழிறங்கிவிட்டது.

எனவே, ஆஸ்திரியாவின் டைரோல் மாநிலத்தில் உயர்சரிவுகளில் மீண்டும் காடு வளர்க்கும் முயற்சி தீவிரமடைந்தது. இதற்கு ஏற்றதெனக் கருதப்பட்ட மரங்களுள் ஒன்று, அம்மக்கள் ‘சிர்பெ’ என்றழைக்கும் பைன் மரம். கொத்துக்கு ஐந்து ஊசியிலைகளைக் கொண்ட இம்மரம் கடுங்குளிரைத் தாங்கிப் பல நூறு ஆண்டுகள் வாழவல்லது. ஆனால், பள்ளத்தாக்கின் நாற்றங்காலில் செழிப்பாக வளர்ந்த கன்றுகளை மேலே கொண்டுசென்று நட்டபோது பல கன்றுகள் வளர்ச்சி குன்றி மடிந்தன. குளிரைத் தாங்கும் மரம் ஏன் மடிய வேண்டும்?

வேரும் பூஞ்சையும்

இவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி, அதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியில் கிடைத்திருந்தது. மண்ணுக்கடியில் விளையும் விலையுயர்ந்த உணவுக் காளானாகிய டிரஃபிளைப் பயிரிட இயலுமா என்று ஆராயுமாறு பிரஷ்ய அரசு ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்னும் தாவரவியலாரைப் பணித்தது. காளானைத் தேடி மண்ணை அகழ்ந்த அவர், மரங்களின் நுனிவேர்கள் பூஞ்சை இழைகளால் உறையிட்டாற்போல் மூடப்பட்டிருப்பதைக் கண்டார். அது நோயன்று, நலமான மரங்களிலும் அவ்வுறை இருந்தது. பூஞ்சை, வேர் ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களை இணைத்து, 1885இல் அவர் அதற்கு ‘மைக்கோரைசா’ எனப் பெயரிட்டார். தமிழில் இதனை வேர்ப்பூஞ்சை எனலாம்.

பைன் மரத்தின் நுனிவேரைப் பூஞ்சை வெளியில் உறையாகச் சூழ்கிறது. உள்ளே வேரின் புறச்செல்களைத் துளைக்காமல் அவற்றின் இடைவெளிகளில் வலைபோல் பரவுகிறது. கொடுக்கல் வாங்கல் நிகழ்வது இவ்வலையில்தான். மண்ணுக்குள் நீளும் பூஞ்சை இழையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிற்கும் குறைவு. வேர் நுழைய இயலாத நுண்துளைகளிலும் அது நுழைந்து நீரையும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கொணர்கிறது. ஒளிச்சேர்க்கையில் உருவான சர்க்கரையின் ஒரு பங்கை மரம் அதற்கு அளிக்கிறது.

சமவெளியைவிட உயர்மலையில் இத்துணை இன்றியமையாதது. அங்கு மண் ஆழமற்றது. கோடை சில வாரங்களே நீடிக்கும். குளிரில் இலைச்சருகு விரைந்து மட்குவதில்லை. ஆகவே, தழைச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாத நிலையில் சருகுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. அதனை விடுவிக்கும் நொதிகள் சில பூஞ்சைகளிடம் உள்ளன.

மோசரின் பணி

இம்ஸ்ட் என்னும் ஊரில் அமைந்த ஆய்வுக்கூடத்தில் மைன்ஹார்ட் மோசர் என்னும் பூஞ்சையியலார் 1950களில் இச்சிக்கலை ஆராய்ந்தார். பல தலைமுறைகளாகப் பைன் மரமே இல்லாத மேய்ச்சல் நிலத்தில், பைனுக்குரிய பூஞ்சையும் போதிய அளவில் இருப்பதில்லை. உரமிட்ட நாற்றங்காலிலிருந்து வந்த கன்றோ, தக்க துணையின்றி அந்நிலத்தில் தனித்து நிற்கிறது. ஆதலால், கன்றோடு பூஞ்சையையும் மேலே கொண்டுசெல்ல வேண்டும் என்பது அவர் கண்ட வழி.

எல்லாப் பூஞ்சையும் இதற்குப் பயன்படா. சிர்பெ மரத்தடியில் முளைக்கும் ‘சுயில்லஸ்’ இனக் காளான்களை அவர் தேர்ந்தார். குறைந்த வெப்பநிலையில் வெவ்வேறு பூஞ்சைகள் எவ்வாறு வளர்கின்றன என்பதையும் சோதித்தார். உயர்மலையிலிருந்து எடுத்தவை குளிரிலும் தம் வளர்ச்சியைத் தொடரக்கூடியனவாக இருந்தன. அத்தகைய பூஞ்சையைத் தூய நிலையில் பெருக்கி, நாற்றங்கால் மண்ணில் கலந்து, வேரில் உறை படிந்த கன்றுகளே மலைக்கு அனுப்பப்பட்டன. காட்டு மண்ணை அப்படியே அள்ளிவந்து நாற்றங்காலில் இடும் பழைய முறை எளிதுதான். ஆனால், அம்மண்ணோடு நோய்க்கிருமிகளும் வந்துவிடும்.

மலையில் ஏற ஏறத் துணையும் மாறுகிறது. மரங்கள் நின்றுவிடும் எல்லையை ஒட்டிச் செந்நிற மலர்களோடு பரவும் ஆல்ப்ஸ் ரோடோடென்ட்ரான் புதரின் மயிரிழை போன்ற வேர்களில், பூஞ்சை செல்களுக்கு உள்ளேயே சுருள்சுருளாகத் தங்குகிறது. நீலகிரியின் உயர்பகுதிகளில் பூக்கும் காட்டுப்பூவரசும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. அதற்கும் மேலே, தரையோடு தரையாகப் படரும் குறுவில்லோ பைனைப் போலவே வேருக்குப் பூஞ்சையுறை அணிந்திருக்கிறது.

துணையின் எல்லை

மரங்கள் பூஞ்சை இழைகளின் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தாய்மரம் சேய்க்கு உணவூட்டுகிறது என்றெல்லாம் அண்மைக்காலத்தில் எழுதப்படுகிறது. கேட்க இனிமையான இக்கூற்றுகளுள் பலவற்றுக்கு இயற்கைக் காடுகளில் போதிய சான்றில்லை. பூஞ்சை அறம் செய்யவில்லை; தனக்கு வேண்டிய சர்க்கரைக்காக உழைக்கிறது.

மேலும், பூஞ்சைகளுள் பகையும் உண்டு. 1975இல் சுவிட்சர்லாந்தின் தாவோஸுக்கு அருகே ஸ்டில்பெர்க் சரிவில் மூவகை மரங்களின் 92,000 கன்றுகள் நடப்பட்டன. லார்ச் கன்றுகளுள் பெரும்பாலானவை நிலைத்தன. பைன் கன்றுகளோ பெரும்பாலும் மடிந்தன. பனி நெடுநாள் உருகாமல் கிடக்கும் இடங்களில் ஊசியிலைகளைத் தாக்கும் நோய்ப்பூஞ்சைகளே அவ்விழப்பிற்கு முதன்மையான காரணம். வேரில் துணை இருப்பினும், நடும் இடம் தவறானால் மரம் இல்லை. பனி விரைவில் நீங்கும் மேடுகளே சிர்பெவுக்கு உகந்தவை.

டைரோலில் உருவான முறை இன்று வட அமெரிக்காவின் ராக்கி மலைக்குச் சென்றுள்ளது. அங்கு வாழும் வெண்பட்டைப் பைன், சிர்பெவின் உறவு மரம். ஏறத்தாழ 1910இல் வெளிநாட்டுக் கன்றுகளோடு வந்திறங்கிய துருநோய் அதனைப் பெருமளவில் அழித்தது. அந்நோய்க்குக் காரணமும் ஒரு பூஞ்சையே. 2022இல் அமெரிக்க அரசு அம்மரத்தை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அறிவித்தது. மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேத்தி கிரிப்ஸ் என்னும் அறிஞர், அயல்நாட்டுப் பூஞ்சையை நாடாமல், அம்மலையிலேயே வெண்பட்டைப் பைனின் அடியில் முளைக்கும் சுயில்லஸ் காளானின் வித்துகளைக் கன்றுகளின் வேர்மண்ணில் செலுத்தினார். உரம் மிகுந்தால் பூஞ்சை வேரில் படியாது என்பதால், நாற்றங்காலில் உரமும் குறைக்கப்பட்டது. கனடாவின் வாட்டர்டன் ஏரிகள் தேசியப் பூங்காவில் நடப்பட்ட கன்றுகளைச் சில ஆண்டுகள் கழித்து எண்ணியபோது, பூஞ்சையோடு சென்றவை மற்றவற்றைவிட ஓரளவு கூடுதலாகப் பிழைத்திருந்தன.