கணினிக்கு ஏற்ற மின்வழங்கி

மேசைக்கணினியின் பாகங்களைத் தாமே தேர்ந்தெடுத்துப் பொருத்திக்கொள்ள விரும்பும் மாணவர்கள் இன்று பலர். சிம் லிம் சதுக்கம் போன்ற கடைத்தொகுதிகளுக்குச் செல்லும் அவர்கள், செயலியின் வேகத்தையும் வரைகலை அட்டையின் திறனையும் துருவித் துருவிக் கேட்பார்கள். மின்வழங்கியைப் பற்றிக் கேட்பவர் சிலரே. கையிருப்பில் மிஞ்சும் பணத்துக்கு எது கிடைக்கிறதோ அதை வாங்கிவிடுவார்கள்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். கணினியின் பாகங்களுக்கோ 12, 5, 3.3 வோல்ட் அளவுகளில் நேர்திசை மின்னோட்டம் தேவை. இந்த மாற்றத்தைச் செய்வதே மின்வழங்கியின் வேலை. மாற்றும்போது மின்சாரத்தின் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. எவ்வளவு குறைவாக வீணாகிறதோ, அவ்வளவு செயல்திறன் மிக்கது அந்த மின்வழங்கி.

ஒரு கணினி விளையாட்டின்போது 180 வாட் மின்சக்தியைப் பயன்படுத்துகிறது என்று கொள்வோம். 80 விழுக்காடு செயல்திறன் உள்ள மின்வழங்கி அதற்காக 225 வாட் இழுக்கும். 90 விழுக்காடு உள்ளது 200 வாட் மட்டுமே இழுக்கும். வேறுபாடு 25 வாட். நாள்தோறும் நான்கு மணி நேரம் விளையாடினால், ஓராண்டில் 36.5 அலகு மின்சாரம் வீணாகும். ஓர் அலகின் விலை 30 காசு என்றால், ஏறத்தாழ 11 வெள்ளி. அந்த 25 வாட்டும் அறைக்குள் வெப்பமாகவே வெளியேறுவதால், குளிர்சாதனத்துக்கும் வேலை கூடும்.

செயல்திறனை வாங்குபவர் அறிந்துகொள்ள உதவுவது, 2004ஆம் ஆண்டில் தொடங்கிய ‘80 பிளஸ்’ சான்றிதழ். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் என்று அதில் தரநிலைகள் உண்டு. 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையின்போது வெண்கலத் தரம் 85 விழுக்காட்டையும் தங்கத் தரம் 90 விழுக்காட்டையும் எட்ட வேண்டும்.

‘பாதிச் சுமை’ என்பதைக் கவனியுங்கள். பெட்டியின்மீது 1000 வாட் என்று எழுதியிருந்தால், அது எப்போதும் 1000 வாட் இழுக்கும் என்று பொருளன்று. அது அதிகபட்சமாகத் தரக்கூடிய அளவு அதுதான். கணினி கேட்பதை மட்டுமே அது தரும். ஆனால், மிகக் குறைந்த சுமையில் மின்வழங்கியின் செயல்திறன் சரிந்துவிடும். வீட்டுப்பாடம் செய்யும்போது 60 வாட் மட்டுமே கேட்கும் கணினிக்கு 1000 வாட் மின்வழங்கியைப் பொருத்துவது, ஒருவர் பயணம் செய்யப் பேருந்தை ஓட்டுவதைப் போன்றது. செயலி 90, வரைகலை அட்டை 160, மற்றவை 50 என்று கூட்டிப் பார்த்து 300 வாட் வந்தால், 500 அல்லது 550 வாட் தாராளமாகப் போதும்.

தங்கத் தரம் எல்லார்க்கும் ஆதாயமா? விளையாட்டுக்கும் காணொளித் தொகுப்புக்கும் பல மணி நேரம் பயன்படுத்துவோர்க்குச் சில ஆண்டுகளில் கூடுதல் விலை ஈடாகலாம். கட்டுரை எழுதவும் இணையத்தில் தேடவும் நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் பயன்படுத்துவோர்க்கு மின்கட்டணத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வெள்ளிகூட மிஞ்சாமல் போகலாம். அவர்கள் வெண்கலத் தரத்தை வாங்கிவிட்டு, வேலை முடிந்ததும் கணினியை அணைத்துவிட்டாலே போதும்.

எனினும், சான்றிதழே இல்லாத மிக மலிவான மின்வழங்கியை யாருமே வாங்காமல் இருப்பது நல்லது. மின்னழுத்தம் திடீரென உயர்ந்தாலோ குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ உடனே நின்றுவிடும் பாதுகாப்பு அமைப்பு அதில் இல்லாமற் போகலாம். அவ்வாறு பழுதானால், தாய்ப்பலகையும், பல மாதங்கள் சேமித்த பாடவேலைகள் உள்ள வன்தட்டும் சேர்ந்தே கெடக்கூடும். பழுதான மின்வழங்கியைத் திறந்து பார்க்கவும் கூடாது. மின்கம்பியைக் கழற்றிய பிறகும் அதிலுள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான அளவு மின்னேற்றம் தங்கியிருக்கும்.